பச்சை மை, ஈ.கியூ. கடிதம், பத்தொன்பதாம் அத்தியாயம்: தில்லியில் வாசிக்கப்பட்ட ஒரு முதல் நாவல்

தில்லியில் வேலை பார்க்கும் தமிழர் ஒருவர் எழுதிய முதல் நாவல் இது. அரசியல் உளவுக் கதை. நாவலின் பெயரையும் அவர் பெயரையும் இங்கே சொல்லவில்லை. அவர் மத்திய அரசுப் பணியில் இருக்கிறார். பெயர் வராது என்றால் எழுதிக்கொள்ளுங்கள் என்றுதான் சம்மதித்தார். அவர் இருப்பது உளவுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு அமைச்சகம் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் படிப்பவர்கள் மனம் எங்கெங்கோ போகும்.

முதல் அச்சு சில நூறு பிரதிகள். தீர்ந்துவிட்டது. இரண்டாம் அச்சுக்குப் போகும் முன், "படித்தவர்கள் உண்மையில் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டுச் சொல்லுங்கள் சார். என்னிடம் எல்லாரும் பிரமாதம் என்கிறார்கள்" என்றார். நான் தொழிலில் பிரதி செம்மை செய்பவன். முதல் அச்சில் எனக்குப் பங்கில்லை, அதனால் வாசகர்கள் என்னிடம் கூச்சமில்லாமல் பேசினார்கள். அந்தப் பேச்சிலிருந்து தெரிந்துகொண்டதுதான் இந்தக் கட்டுரை.

கதை நடப்பது 1999 ஏப்ரலில். வாஜ்பாய் அரசுக்குக் கொடுத்துவந்த ஆதரவை அ.தி.மு.க. விலக்கிக்கொண்டது, ஏப்ரல் 17 அன்று மக்களவையில் நம்பிக்கை வாக்கெடுப்பு, 269-க்கு 270, ஒரே ஓட்டில் ஆட்சி போனது. அந்த வாரம் தில்லியில் இருந்த எந்தத் தமிழருக்கும் அது மறக்காது. நம்மூர் எம்.பி.க்கள் கையில் தலைநகரமே நின்ற நாட்கள். ஒடிசா முதலமைச்சராகப் போய்விட்ட கிரிதர் கமாங் எம்.பி. பதவியை விடாமல் வந்து ஓட்டுப் போட்டதும், சைபுதீன் சோஸ் தன் கட்சியின் முடிவை மீறி அரசுக்கு எதிராக ஓட்டுப் போட்டதும் இன்றைக்கும் இங்கே டீக்கடைப் பேச்சில் வரும்.

நாவல் கட்சிகளுக்கும் தலைவர்களுக்கும் வேறு பெயர் வைத்திருக்கிறது. தேதியையும் எண்ணிக்கையையும் மட்டும் மாற்றவில்லை. எந்த எம்.பி. எந்தப் பக்கம் சாய்வார் என்று உளவுத் துறை தயாரித்த ரகசியப் பட்டியல் ஒன்று வெளியே கசிகிறது. கசியவிட்டது யார் என்று தேடும் அதிகாரி, கேபினட் செக்ரடேரியட்டில் ஸ்டெனோவாக இருக்கும் மாயவரத்துப் பெண், நார்த் அவென்யூவில் ஒரு தமிழ் எம்.பி.யின் பி.ஏ., இவர்கள் மூவரைச் சுற்றித்தான் கதை. எதிரே ஒரு அமைச்சர்.

கேட்ட விதம்

வாசகர்களைக் கூட்டி உட்காரவைத்துப் பேசச் சொன்னால் முதலில் பேசுபவர் சொன்னதையே மற்றவர்களும் சொல்வார்கள். தில்லித் தமிழர் கூட்டங்களில் இது இன்னும் அதிகம். வயதில் மூத்தவர் ஒருவர் தொண்டையைச் செருமிவிட்டால் கதை முடிந்தது. ஒற்றாடல் அதிகாரத்தில் வள்ளுவர் ஒரு வழி சொல்கிறார்: ஒரு ஒற்றனை இன்னொருவன் அறியாதபடி வைத்துக்கொள், மூவர் சொல்லும் ஒத்துவந்தால் நம்பு. உளவுக் கதைக்கு இதைவிடப் பொருத்தமான முறை ஏது? ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்த்தேன். மற்ற யாரிடம் பேசினேன் என்று சொல்லவில்லை.

பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள். ஆர்.கே. புரத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற செக்‌ஷன் ஆபீசர், மயூர் விஹாரில் வங்கி அதிகாரியாக இருக்கும் பெண்மணி, நாடாளுமன்றச் செய்தி எழுதிய பழைய பத்திரிகையாளர், கரோல் பாக்கில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பத்து மாமி ஒருவர், ஒரு வழக்கறிஞர், நொய்டாவில் மென்பொருள் வேலை பார்க்கும் இளைஞர்கள் சிலர், பல்கலைக்கழக மாணவி ஒருத்தி. எல்லாரிடமும் இரண்டே கேள்விகள்தான் கேட்டேன். என்ன பிடிக்கவில்லை? எந்தப் பக்கத்தில் புத்தகத்தைக் கீழே வைத்தீர்கள்?

இரண்டாவது கேள்வியை முதலில் சும்மாதான் சேர்த்தேன். விஷயம் அதில்தான் கிடைத்தது.

குறைகளின் மழை

முதல் கேள்விக்குப் பதில் கொட்டியது. செக்‌ஷன் ஆபீசர் சார் புத்தகத்தை என் கையில் கொடுத்தபோது ஓரமெல்லாம் பென்சில். நாவலில் ஒரு அண்டர் செக்ரட்டரி, கோப்பின் குறிப்புத் தாளில் பச்சை மையில் "உடனே பேசவும்" என்று எழுதுகிறார். அந்த வரிக்குக் கீழே இரண்டு கோடு, பக்கத்தில் ஒரு ஆச்சரியக் குறி.

"பச்சை மை யாருக்குத் தெரியுமா? ஜாயின்ட் செக்ரட்டரிக்கும் அவருக்கு மேலே இருப்பவர்களுக்கும். அவர்களும் எப்போதாவதுதான் தொடுவார்கள். அண்டர் செக்ரட்டரி பச்சையில் எழுதினால் அந்தக் கோப்பு மேலே போகாது, அவர்தான் மேலே கூப்பிடப்படுவார்" என்றார். மத்தியச் செயலக அலுவலக நடைமுறைக் கையேட்டில் உள்ள விதிதான் இது. நீலம் அல்லது கறுப்பில் எழுத வேண்டும், பச்சையும் சிவப்பும் இணைச் செயலர் நிலைக்கும் அதற்கு மேலுக்கும்தான். மயிலாப்பூரில் உட்கார்ந்து படிக்கும் ஒருவர் இதைக் கவனிக்கவே மாட்டார். தில்லியில் படிப்பவர்களில் பாதிப் பேர் முப்பது வருடம் கோப்புத் தள்ளியவர்கள், அல்லது அவர்களுடைய பிள்ளைகள்.

அடுத்து சனிக்கிழமை. 1999 ஏப்ரல் 17 ஒரு சனிக்கிழமை. மத்திய அரசு அலுவலகங்களுக்கு 1985 முதலே வாரம் ஐந்து நாள்தான் வேலை. நாவலில் அன்று காலை ஸ்டெனோ வழக்கம்போல பஸ்ஸில் நெரிசலில் நசுங்கி அலுவலகம் வருகிறாள், கேன்டீனில் வரிசை நிற்கிறது. வாக்கெடுப்பு நாளில் அவளை வரச் சொல்லியிருப்பார்கள், அது நியாயம். கேன்டீன் வரிசை எங்கிருந்து வந்தது? இதைக் கேட்டது வங்கி அதிகாரி. அவருடைய கல்யாண நாளும் அந்த ஆண்டு அதே வாரமாம், அதனால் கிழமை நினைவிருந்தது.

நொய்டா இளைஞர் பிடித்தது மெட்ரோ. ஒரு ஆள் இன்னொருவனை மத்தியச் செயலக மெட்ரோ வாசலில் காத்திருக்கச் சொல்கிறான். தில்லியில் முதல் மெட்ரோ ஓடியதே 2002 டிசம்பரில், அதுவும் ஷாதராவுக்கும் தீஸ் ஹசாரிக்கும் இடையில். மத்தியச் செயலகத்துக்கு அது வந்து சேர 2005 ஆகிவிட்டது. இது கொஞ்சம் பெரிய ஓட்டைதான். எழுதியவர் வயதையும் இது காட்டிக்கொடுக்கிறது. மெட்ரோ இல்லாத தில்லியை அவர் பள்ளிப் பையனாகத்தான் பார்த்திருப்பார். செல்போன் விஷயமும் இதே வகை. அதிகாரி தன் கைப்பேசிக்கு வந்த அழைப்பில் அரை மணி நேரம் சாவகாசமாகப் பேசுகிறார். 2003 வரை வரும் அழைப்புக்கும் நம் காசுதான் போகும். அன்றைக்கு அரசு அதிகாரி யாராக இருந்தாலும் "லேண்ட்லைனில் கூப்பிடு" என்று சொல்லிவிட்டு வைத்திருப்பார்.

வழக்கறிஞர் சொன்னது கொஞ்சம் கனமானது. நாவலின் நாயகன் ரா அமைப்பைச் சேர்ந்தவர். 1968-ல் ஆர்.என். காவ் தலைமையில் தொடங்கிய அந்த அமைப்பின் வேலை வெளிநாட்டு உளவு. உள்நாட்டில் எம்.பி.க்களின் சாய்வைக் கணக்கெடுப்பது என்றால் அது ஐ.பி. என்ற உள்நாட்டு உளவு அமைப்பின் வேலை. போதாக்குறைக்கு நாயகன் ஒருவரைக் கைதும் செய்கிறார். இரண்டு அமைப்புக்கும் கைது செய்யும் அதிகாரம் கிடையாது, போலீஸைத்தான் கூப்பிட வேண்டும். அப்புறம் ஒட்டுக்கேட்பு. "இரவோடு இரவாக எல்லா எம்.பி. போனையும் கேளுங்கள்" என்று அமைச்சர் வாய்மொழியாகச் சொல்ல, உடனே நடக்கிறது. 1996-ல் உச்ச நீதிமன்றம் வகுத்த வழிமுறைப்படி தொலைபேசி ஒட்டுக்கேட்க உள்துறைச் செயலரின் உத்தரவு வேண்டும். "சட்டப்படி நடக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தாளில் யார் கையெழுத்துப் போட்டார், யார் போட மறுத்தார் என்பதிலேயே ஒரு நாவல் இருக்கிறதே. அதை ஏன் விட்டார்?" என்றார். இந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. குறை சொல்வதுபோல ஆரம்பித்துக் கதைக்கு ஒரு யோசனையும் கொடுத்துவிட்டார்.

சுடுதல், துரத்தல், பழைய கோட்டை இடிபாட்டில் நடக்கும் சண்டை பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. ஒரே ஆள் நான்கு பேரை அடிப்பதை எல்லாரும் மன்னித்துவிட்டார்கள். பச்சை மையை மன்னிக்கவில்லை.

எல்லாருக்கும் பிடித்த ஒரு காட்சி

எட்டாம் அத்தியாயம். பிடித்தது எது என்று நான் கேட்கவேயில்லை, ஆனால் ஆளுக்கு ஆள் அதைத் தாங்களாகவே சொன்னார்கள். துப்பாக்கியோ ரகசியக் குறியீடோ இல்லாத காட்சி அது.

நார்த் அவென்யூவில் எம்.பி.யின் வீடு. காலை. பி.ஏ. ஒரு மர மேசையில் உட்கார்ந்து எமர்ஜென்சி கோட்டா கடிதம் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார். தில்லித் தமிழருக்கு ஈ.கியூ. கடிதம் என்றால் விளக்க வேண்டியதில்லை. தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலோ ஜி.டி.யிலோ காத்திருப்புப் பட்டியலில் மாட்டிக்கொண்டால், ஊரில் சாவோ கல்யாணமோ என்றால், யாருக்காவது தெரிந்த எம்.பி.யின் லெட்டர்பேடில் ஒரு வரி எழுதி வாங்கி ரயில்வேயில் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். எம்.பி. காலையில் எழுந்திருக்கும் முன்பே வாசலில் நாலு பேர் நிற்பார்கள். நாவலில் அந்தப் பி.ஏ.யிடம் எம்.பி. கையெழுத்துப் போட்டுவைத்த வெற்று லெட்டர்பேடுகள் ஒரு கட்டு இருக்கிறது. யாருக்கு எந்தத் தேதியில் டிக்கெட் என்ற விவரம் அவர் நோட்டில் இருக்கிறது. தேடி வரும் அதிகாரி ஒன்றும் கேட்கவில்லை. தன் மாமியாருக்கு ஒரு ஈ.கியூ. வேண்டும் என்று மட்டும் சொல்கிறார். பேச்சு வாக்கில் நோட்டைத் திருப்பிப் பார்க்கிறார். வாக்கெடுப்புக்கு முந்தின இரவு வண்டியில் எம்.பி.யின் மனைவிக்கும் மகளுக்கும் ஊருக்குத் திரும்ப டிக்கெட் போட்டிருக்கிறது. ஆட்சி பிழைக்கும் என்று நம்புகிறவர் குடும்பத்தை ஏன் ஊருக்கு அனுப்புகிறார்?

கரோல் பாக் மாமி இந்த இடத்தை என்னிடம் முழுசாகச் சொல்லிக் காட்டினார். "அந்தப் பி.ஏ. நம்ம வாத்தியார் பையன் மாதிரியே இருக்கான். பாவம், ஒன்றும் தெரியாமல் எல்லாத்தையும் சொல்லிடறான்." பத்திரிகையாளர் வேறு காரணம் சொன்னார். 1985 ஜனவரியில் வெளிவந்த கூமர் நாராயண் உளவு விவகாரம் அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. பிரதமர் அலுவலகத்து ஊழியர்கள் உட்படப் பலர் கைதானார்கள், முதன்மைச் செயலர் பி.சி. அலெக்ஸாண்டர் பதவி விலகினார். அந்த வழக்கில் ரகசியம் வெளியே போன வழி வெறும் போட்டோகாப்பி. "உளவு என்றால் இந்த ஊரில் பி.ஏ.வும் ஜெராக்ஸும்தான். பையன் அதை எட்டாம் அத்தியாயத்தில் பிடித்துவிட்டான். அதை எழுதியவனே எப்படிப் பத்தொன்பதையும் எழுதினான்?" என்றார்.

பத்தொன்பது என்ற எண் என் குறிப்பில் ஏற்கெனவே பலமுறை வந்திருந்தது.

கீழே வைத்த இடம்

இரண்டாவது கேள்விக்கு வந்த பதில்களை முதல் கேள்வியின் பதில்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நான் எதிர்பார்த்தது என்னவென்றால், அதிகக் குறை சொன்னவர்கள் சீக்கிரம் கீழே வைத்திருப்பார்கள் என்று. நேர்மாறாக இருந்தது. பென்சிலோடு படித்த செக்‌ஷன் ஆபீசர் இரண்டே நாளில் முடித்தாராம். மெட்ரோவைப் பிடித்த இளைஞர் ஒரே இரவில். வழக்கறிஞர் சில பகுதிகளை இரண்டாம் முறையும் படித்திருக்கிறார்.

குறையே சொல்லாதவர்கள்தான் நடுவில் விட்டவர்கள். "நன்றாக எழுதியிருக்கிறார், வேலை வந்துவிட்டது, மிச்சம் படிக்கணும்" என்று மரியாதையாகச் சொன்ன மூன்று நான்கு பேர், எந்தப் பக்கம் என்று கேட்டதும் எடுத்துப் பார்த்தார்கள். எல்லார் புத்தகத்திலும் அடையாளம் பத்தொன்பதாம் அத்தியாயத்திலோ அடுத்ததிலோ இருந்தது. ஒருவரையொருவர் அறியாத ஒற்றர்கள் ஒரே சொல்லைச் சொன்ன கதைதான். முடித்தவர்களிலும் சிலர், அந்த இடத்தில் புத்தகத்தை வைத்துவிட்டு ஒரு வாரம் கழித்து எடுத்ததாகச் சொன்னார்கள்.

அந்த அத்தியாயத்தில் அமைச்சர் பேசுகிறார். மூன்றரைப் பக்கம். அதிகாரம் என்றால் என்ன, மக்கள் என்றால் யார், நாடு எப்படி விற்கப்படுகிறது. எதிரே அதிகாரி கைகட்டி நிற்கிறார். அதுவரை இந்த அமைச்சரைப் பி.ஏ.க்கள் வழியாக, ஓட்டுநர் வழியாக, திருப்பி அனுப்பப்பட்ட ஒரு கோப்பு வழியாக மட்டுமே பார்த்துவந்தோம். ஆள் பயமாக இருந்தார். வாயைத் திறந்ததும் எந்தக் கட்சியிலும் இல்லாத, எந்தத் தொகுதியிலும் ஜெயித்திருக்க முடியாத ஒரு வில்லனாகிவிட்டார். மாணவி சொன்னது: "அவருக்கு என்ன வேணும்னே தெரியல அண்ணா. அந்தப் பி.ஏ.வுக்கு என்ன வேணும்னு தெரியும், மகளுக்குக் காலேஜ் சீட். அமைச்சருக்குச் சும்மா கெட்டவரா இருக்கணும், அவ்வளவுதான்."

என் கணிப்பும் அதுதான். வாசகர் வாய்விட்டுச் சொல்லும் குறை அவர் ஈடுபாட்டோடு படித்த இடத்தைக் காட்டுகிறது. பச்சை மையைக் கவனித்தவர் அந்தக் கோப்பின் மேல் குனிந்து நின்றவர். சலித்துப்போனவருக்குக் குறை சொல்லக்கூடத் தோன்றுவதில்லை, அவர் வேலை வந்துவிட்டது என்கிறார். முதல் நாவல் எழுதுபவர்கள் நீளமான பிழைப் பட்டியல் அனுப்பும் வாசகரைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியது அந்த மரியாதைக்காரர்களைப் பார்த்து.

முடிவில் வரும் பின்னுரையைப் பற்றியும் கொஞ்சம் பேச்சு இருந்தது. கதை 1999 ஜூனுக்குத் தாவுகிறது. கார்கில் போர். பெய்ஜிங்கில் இருந்த பாகிஸ்தான் ராணுவத் தளபதி முஷாரபும் ராவல்பிண்டியில் இருந்த ஜெனரல் அஜீஸும் தொலைபேசியில் பேசியது ஒட்டுக்கேட்கப்பட்டு, ஜூன் 11 அன்று இந்திய அரசால் வெளியிடப்பட்டது. நாயகன் அந்தப் பதிவில் பங்கு வகித்ததாக நாவல் கோடி காட்டுகிறது. சிலருக்குப் புல்லரித்தது, சிலருக்கு ஒட்டுப்போட்டதுபோல இருந்தது. இதில் பெரிதாக ஒன்றும் இல்லை. இந்தி வசனங்களைத் தமிழ் எழுத்தில் அப்படியே கொடுத்திருப்பதும் தில்லிக்காரர்களுக்குப் பிரச்சினை இல்லை. சென்னையில் படித்தவர்கள் என்ன சொல்வார்கள் என்று நான் கேட்கப் போகவில்லை.

எழுதியவரின் பக்கம்

பத்தொன்பதாம் அத்தியாயம் ஏன் அப்படி ஆனது என்று ஆசிரியரிடம் கேட்டேன். லோதி ரோட்டில் ஒரு கேன்டீனில் உட்கார்ந்து பேசினோம். முதலில் தயங்கினார். அப்புறம் விதி ஒன்பது என்றார்.

மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964-ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் எட்டாம் விதி கதை, கவிதை எழுதுவதைத் தடுப்பதில்லை. இலக்கியப் படைப்புக்கு முன் அனுமதி தேவையில்லை. ஒன்பதாம் விதி அரசின் கொள்கையையும் செயலையும் ஊழியர் பாதகமாக விமர்சிக்கக் கூடாது என்கிறது. சொந்தப் பெயரில் எழுதினாலும் சரி, பெயரில்லாமல் எழுதினாலும் சரி, புனைபெயரில் எழுதினாலும் சரி, விதி பொருந்தும். ஓய்வுபெற்ற உளவு அதிகாரிகள் பாடு இதைவிடக் கஷ்டம்; 2021 மே மாதம் திருத்தப்பட்ட ஓய்வூதிய விதிகளின்படி, துறை சம்பந்தப்பட்ட எதையும் அனுமதி இல்லாமல் வெளியிட்டால் ஓய்வூதியமே போகலாம்.

நாவல் விமர்சனமாகாது என்று வாதாடலாம்தான். ஆனால் எழுதும்போது மேசைக்குப் பக்கத்தில் அந்த விதி உட்கார்ந்திருந்தது என்றார். "அமைச்சர் எடுக்கும் ஒரு முடிவைக் காட்டினால் அது எந்த அரசின் முடிவு என்று கேட்பார்கள். முடிவு எதுவும் எடுக்காமல் பேசவிட்டால் யாரும் எதுவும் கேட்க முடியாது." அதனால்தான் பேச்சு. தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பொதுவாகப் பேசவைத்தார், பொதுவாகப் பேசியதால் ஆள் செத்துப்போனார்.

கட்சிப் பெயர்களை மாற்றிவிட்டு ஏப்ரல் 17-ஐயும் 270-ஐயும் வைத்துக்கொண்டது ஏன் என்றும் கேட்டேன். அந்த எண் இல்லாமல் கதை இல்லை என்றார். சரிதான். பத்திரிகையாளருக்கு இந்த ஏற்பாட்டில் கோபம்: தேதியை வைத்துக்கொண்டு பெயரை மறைப்பது யாரை ஏமாற்ற? எனக்கு அப்படித் தோன்றவில்லை. படிப்பவர்கள் தங்களுக்குத் தெரிந்த முகங்களை அந்தப் பெயர்களுக்குப் பின்னால் வைத்துக்கொள்கிறார்கள். அது ஒரு சுகம். கொடுத்த முகம் வில்லன்போலப் பேச ஆரம்பிக்கும்போதுதான் கழன்று விழுகிறது.

வழக்கறிஞர் கொடுத்த யோசனையை அவரிடம் சொன்னேன். பேச்சை எடுத்துவிட்டு, ஒட்டுக்கேட்பு உத்தரவுத் தாளை அங்கே கொண்டுவந்து வையுங்கள். அமைச்சர் அதை மேசையில் தள்ளிவைக்கட்டும். உள்துறைச் செயலர் கையெழுத்துப் போடும் இடம் காலியாக இருக்கட்டும். யாரும் கொள்கையைப் பற்றிப் பேச வேண்டாம். இதில் எந்த விதி மீறப்படுகிறது? அவர் வெகுநேரம் யோசித்தார். பேனாவை எடுத்துக் கேன்டீன் பில்லின் பின்பக்கத்தில் ஏதோ குறித்துக்கொண்டார்.

இரண்டாம் அச்சு

பச்சை மை நீலமானது. மெட்ரோ வாசல் போய் உத்யோக் பவன் பஸ் நிறுத்தம் வந்தது. சனிக்கிழமை கேன்டீன் பூட்டிக் கிடக்கிறது. ஸ்டெனோ வீட்டிலிருந்து கொண்டுவந்த தயிர்சாதத்தைத் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறாள், இது பழையதைவிட நன்றாகவே இருக்கிறது. கைது செய்ய இப்போது தில்லி போலீஸ் வருகிறது. நாயகனை ராவிலிருந்து ஐ.பி.க்கு மாற்ற ஆசிரியர் சம்மதிக்கவில்லை. ரா இருப்பது கேபினட் செக்ரடேரியட்டின் கீழ்; அந்தப் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டு குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டுக்காரருக்குக்கூட வேலை என்னவென்று தெரியாமல் வாழும் அந்த வாழ்க்கையை விட மனசு வரவில்லையாம். அதற்குப் பதில், ஐ.பி. செய்ய வேண்டிய வேலையை இவரை ஏன் செய்யச் சொல்கிறார்கள் என்று ஒரு பாத்திரம் கேட்கிறது. பதில் வருவதில்லை. ஓட்டையை அடைக்காமல் மர்மமாக்கிவிட்டார், கெட்டிக்காரர்.

பத்தொன்பதாம் அத்தியாயம் மூன்றரைப் பக்கத்திலிருந்து ஒன்றே கால் பக்கமாகிவிட்டது. உத்தரவுத் தாள் வருகிறது. அமைச்சர் இன்னும் நாலு வரி பேசுகிறார். அதில் இரண்டு வரி தேவையில்லை என்பது என் கருத்து, அவர் விடவில்லை.

புதிய அச்சை முன்பு நடுவில் விட்டவர்களுக்கே கொடுத்தேன். இரண்டு பேர் முடித்துவிட்டார்கள். ஒருவர் இன்னமும் வேலை வந்துவிட்டது என்கிறார். ஆர்.கே. புரத்து சார் மீண்டும் பென்சிலோடு உட்கார்ந்து ஒரு வாரத்தில் கூப்பிட்டார். ஒட்டுக்கேட்பு உத்தரவு வரும் உறையில் முத்திரை சரியாக இல்லையாம். ரகசியக் கோப்புக்கு உறைக்குள் உறை, உள் உறையில்தான் ரகசியம் என்ற குறி இருக்க வேண்டும், வெளி உறையில் இருக்கக் கூடாது என்றார். ஆசிரியரிடம் சொல்லிவிட்டேன். மூன்றாம் அச்சு வந்தால் பார்க்கலாம் என்றிருக்கிறார்.